"போகாதீங்கோ, சம்பளம் கூட்டித் தாறம்" எண்டு மனேஜர் சொன்னா என்ன செய்யிறது?

வேற இடத்தில வேலை சரிவந்திட்டுது, றிசைன் லெட்டரும் குடுத்தாச்சு, அடுத்த நாள் மனேஜர் கூப்பிட்டு "அவை தாறத நாங்களே தாறம், நில்லுங்கோ" எண்டு சொல்லுறார். இதுதான் கவுண்டர் ஒஃபர். முதல்தரம் இதக் கேக்கிற ஆளுக்குச் சந்தோசமும் வரும் தலையும் சுத்தும், அதால ஒண்டொண்டாச் சொல்லுறன், கிளிநொச்சியிலயோ முல்லைத்தீவிலயோ வவுனியாவிலயோ வேலை செய்யிற தம்பி தங்கச்சியவை வடிவா வாசியுங்கோ.

1. உடன ஓம் சொல்லாதீங்கோ

மாட்டன் எண்டும் சொல்லாதீங்கோ. இப்பிடிச் சொன்னாக் காணும்: "சேர், கூப்பிட்டுக் கதைச்சது சந்தோசம். வீட்டிலயும் கதைச்சிட்டு வெள்ளிக்கிழமை சொல்லுறன், அதுக்கிடையில நீங்கள் சொன்னத ஒரு கடிதமாத் தர ஏலுமோ?" நாள் சொல்லிக் கேளுங்கோ. கடிதம் தர மாட்டினம், வாயால மட்டும்தான் எண்டா, என்னைக் கேட்டா அதை ஒரு ஒஃபராவே எடுக்க வேண்டாம். அந்த மனேஜர் நாளைக்கு மாற்றலாகிப் போனா ஆரிட்டப் போய்க் கேப்பீங்கள்?

2. ஏன் போக வெளிக்கிட்டனீங்கள் எண்டு எழுதுங்கோ

ஒரு பேப்பர் எடுத்து எழுதுங்கோ, மனசில வைச்சிருந்தா காசக் கேட்ட உடன மற்றதெல்லாம் மறந்துபோம். சம்பளம் காணாது எண்டது மட்டும்தான் காரணமோ, இல்லாட்டி சுப்பவைசர் எல்லாருக்கும் முன்னால ஏசுறது, ஞாயிற்றுக்கிழமையும் போன் அடிச்சுக் கூப்பிடுறது, வருசக்கணக்கா அதே போஸ்டில வைச்சிருக்கிறது எண்டும் இருக்கோ? காலபோக அரிவுவெட்டு நேரம் வீட்டு வயலுக்கு ரெண்டு நாள் லீவு கேட்டா முகத்தச் சுழிச்ச இடம், சம்பளத்தக் கூட்டினாப்போல அடுத்த மாசி மாசம் சிரிச்சுக்கொண்டே லீவு தருமோ? காசு இல்லாத காரணங்களுக்கு என்ன செய்யப்போறியள் எண்டு நேரா கேளுங்கோ, மறுமொழியும் அதே கடிதத்தில வரோணும். காசு மட்டும்தான் பிரச்சினை, அது கடிதத்தில ஒழுங்கா வந்திட்டுது எண்டா தாராளமா நில்லுங்கோ. மற்றக் காரணங்கள் பெரிசெண்டா போறதுதான் சரி எண்டு நான் நினைக்கிறன்.

3. கூட்டின காசு எதில ஏறுது எண்டு பாருங்கோ

கனபேர் கவனிக்காம விடுறது இதத்தான். புது இடத்தில பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், 60,000 தாறினம் எண்டு வைப்பம். உங்கட இடத்திலயும் 60,000 தாறம் எண்டுதான் சொல்லுறினம், ஆனா கடிதத்தப் பாத்தா பேசிக் 50,000, போக்குவரத்துச் செலவு 10,000 எண்டு கிடக்கு. கேக்க ரெண்டும் ஒண்டு மாதிரித்தான், ஆனா ஒண்டில்லை. முதலாளி உங்கட பேரில ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) 12 வீதமும் ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதமும் கட்டோணும், போக்குவரத்துச் செலவுக்கு இது கட்டுறேல்ல. 60,000க்கு 15 வீதம் 9,000, 50,000க்கு 7,500. மாசம் 1,500 குறையுது, வருசத்துக்கு 18,000. ஈபிஎஃப்புக்கெண்டு உங்கட சம்பளத்தில வெட்டுற 8 வீதமும் குறையும், அது கையில வாறபடியா அந்த நேரம் நல்லாத்தான் இருக்கும், ஆனா அது உங்கட சேமிப்புத்தான். ஓவர்டைமும் போனஸும் இப்பிடித்தான், அதுகளக் காட்டி மொத்தத்தக் கூட்டிச் சொன்னா ஏமாறாதீங்கோ.

அதோட இவ்வளவு நாளும் உங்கட ஈபிஎஃப் ஒழுங்காக் கட்டுப்பட்டிருக்கோ எண்டும் பாருங்கோ. மத்திய வங்கியிலதான் அந்தக் காசு இருக்கு, மீதிய நீங்களே எடுத்துப் பாக்கலாம். சம்பளத்தில வெட்டிப்போட்டுக் கட்டாம விட்ட இடமெண்டா, அதுக்குப் பிறகு கவுண்டர் ஒஃபரப் பற்றிக் கதைக்க ஒண்டுமில்லை.

வருமான வரியால குழம்பத் தேவையில்லை, 2025 ஏப்ரல் தொடக்கம் மாசம் 150,000 வரைக்கும் சம்பளத்தில வரி வெட்டுறேல்ல.

4. 5 வருசத்துக்குக் கிட்ட நிக்கிறீங்களோ?

15 பேர் அல்லது அதுக்குக் கூட வேலை செய்யிற இடமெண்டா, 1983ம் ஆண்டுச் சட்டப்படி 5 வருசம் முடிச்ச ஆளுக்கு வேலைய விட்டுப் போகேக்க கிராச்சுவிட்டி எண்ட பணிக்கொடை குடுக்கோணும், ஒவ்வொரு வருசத்துக்கும் அரை மாசச் சம்பளம். நாலு வருசம் எட்டு மாசத்தில விட்டிட்டுப் போனா ஒண்டும் இல்லை, இன்னும் நாலு மாசம் நிண்டா ரெண்டரை மாசச் சம்பளம். இப்பிடி நிக்கிற ஆள் புது இடத்திட்ட சேருற திகதியக் கொஞ்சம் தள்ளிக் கேக்கலாம், கேக்கிறதில பிழை இல்லை. பேசிக் முக்கியம் எண்டு மேல சொன்னது இங்கயும் வரும், கடைசியா எடுத்த சம்பளத்திலதான் இந்தக் கணக்குப் போடுறது, போக்குவரத்துக் காசு அதுக்குள்ள வராது.

5. வேலை எவ்வளவு காலம் இருக்கும்?

எங்கட பக்கம் புரொஜெக்ட் வேலையள் கன இருக்கு, கண்ணிவெடி அகற்றுற வேலையும் அப்பிடித்தான், வெளிநாட்டுக் காசு வாற வரைக்கும்தான். கொன்ட்ராக்ட் மார்கழியோட முடியுதெண்டா ஐப்பசியில தாற சம்பள உயர்வு ரெண்டு மூண்டு மாசத்துக்குத்தான். புதுக் கொன்ட்ராக்டும் சேத்துத் தாங்கோ எண்டு கேளுங்கோ. தூரத்தையும் கணக்கில எடுக்கோணும், கிளிநொச்சியில வீட்டில இருந்து சாப்பிட்டு வேலைக்குப் போற ஆள் வவுனியாவில றூம் எடுத்தா வாடகை, சாப்பாடு, கிழமைக்கொருக்கா ஏ9 றோட்டால பஸ்ஸில வந்துபோற காசு எல்லாம் கழிச்சுத்தான் மிச்சத்தப் பாக்கோணும்.

6. முடிவ ரெண்டு பக்கத்துக்கும் சொல்லுங்கோ

நிக்கிறதெண்டா, புதுச் சம்பளக் கடிதம் சைன் வைச்சு கைக்கு வந்த பிறகு றிசைன் லெட்டர வாபஸ் வாங்கிறன் எண்டு எழுத்தில குடுங்கோ, முதல் குடுக்காதீங்கோ. புது இடத்துக்கு அண்டைக்கே போன் எடுத்துச் சொல்லுங்கோ, வட்ஸ்அப்பில ஒரு மெசேஜப் போட்டிட்டு விடாதீங்கோ, வன்னியில அந்த மனேஜரும் உங்கட மனேஜரும் ஒரு பள்ளிக்கூடத்தில படிச்ச ஆக்களா இருப்பினம். போறதெண்டா நோட்டிஸ் காலம் முழுக்க வேலை செய்து, பொறுப்பெல்லாம் எழுதிக் குடுத்து, சேவிஸ் லெட்டரையும் கையோட வாங்கிக்கொண்டு வெளிக்கிடுங்கோ.