உரத்தொட்டியில் எறும்பு: காரணம் ஒரு சாண் ஆழத்தில் இருந்தது

மொட்டைமாடி உரத்தொட்டியைத் திறந்தாலே கை முழுக்கச் செவ்வெறும்பு. பக்கத்துக் கத்தரிப் பாத்தியிலும் அதே வரிசை. மஞ்சள்தூள் தூவினேன், வேறு பக்கமாக வந்தன. எறும்பு சாக்பீஸ் கோடு ஒரே மழையில் கரைந்தது. பத்து நாள் வீண்.

பிறகுதான் அடிவரை கிளறினேன். மேலே நல்ல ஈரம். ஒரு சாண் கீழே சருகும் தேங்காய் நாரும் மொறுமொறுவெனக் காய்ந்து, நடுவே வெள்ளை வெள்ளையாய் முட்டைகள்! மேல் ஈரத்தைப் பார்த்து நான் ஏமாந்திருக்கிறேன். தொட்டிக் கலவையைக் கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், பிழிந்தால் ஒரு சொட்டுக்கு மேல் வரக்கூடாது. அந்தப் பதத்துக்கு நனைத்து மூன்று நாள் கிளறினேன். எறும்புகள் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டன.

பாத்தியில் மட்டும் குறையவில்லை. கத்தரி இலையின் அடியில் மாவுப்பூச்சி. அதன் இனிப்புக் கசிவுக்குத்தான் அந்த வரிசை. லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து மாலையில் இலையடியில் தெளித்தேன். இரண்டாம் தெளிப்போடு வரிசை நின்றது.