படத்தை வேவ்லெட்டுக்குள்ளேயே நகர்த்துவது

காலிமுகத்திடலில் முக்காலி இல்லாமல் எடுத்த இரண்டு படங்கள். இரண்டாவதில் தாமரைக் கோபுரம் 8 பிக்சல் வலப்பக்கம் தள்ளி நின்றது. படத்தின் இரைச்சல் நீக்க எப்படியும் வேவ்லெட்டுக்கு (படத்தைப் பருமனான வடிவம், நுண் விவரம் எனப் பல அளவுகளாகப் பிரிக்கும் கணித முறை) போகத்தான் வேண்டும், அங்கேயே நகர்த்தினால் என்ன என்று வெள்ளவத்தை அறையில் உட்கார்ந்தேன். (வெறுமனே நகர்த்த மட்டும் என்றால் இந்தப் பாடு தேவையில்லை.)

முதலில் படத்தின் அகலம், உயரம் இரண்டும் 8ஆல் மீதியின்றி வகுபடும்படி வெட்டுங்கள். பைவேவ்லெட்ஸில் (பைத்தான் மொழிக்கான வேவ்லெட் நிரல் தொகுப்பு) 3 நிலை ஹார் உருமாற்றம் (வேவ்லெட்டுகளில் மிக எளியது), ஓரங்களுக்குப் பீரியடைசேஷன் முறை (ஓர் ஓரம் முடிந்ததும் எதிர் ஓரம் தொடர்வதாகக் கொள்வது). ஒவ்வொரு நிலையிலும் படம் பாதியாவதால், 8 பிக்சல் என்பது முதல் நிலையில் 4 இடம், அடுத்ததில் 2, கடைசியில் 1. அதன்படி ஒவ்வொரு நிலையின் குணகங்களையும் (உருமாற்றத்தில் கிடைக்கும் எண்கள்) இடப்பக்கம் உருட்டி, நேர்மாறு உருமாற்றம் செய்யுங்கள். இடது ஓரத்துக் கடல் வலப்பக்கம் முளைக்கும், வெட்டிவிடுங்கள்.

1 பிக்சல் நகர்த்தவேண்டுமா? முதல் நிலையிலேயே அரை இடம் வந்து நிற்கும். நான் அதை முழு எண்ணாக்கி உருட்டிப் பார்த்தேன்; கோபுரத்தின் விளிம்பு படிக்கட்டாகிவிட்டது. இதற்கு பைவேவ்லெட்ஸில் உள்ள எஸ்டபிள்யூடி2 (நிலையான வேவ்லெட் உருமாற்றம்) தான் சரி. அதில் படம் நிலைக்கு நிலை பாதியாவதில்லை, எல்லா நிலையிலும் 1 இடம் உருட்டினால் போதும். ஆனால் 3 நிலைக்கு முழு அளவில் குறைந்தது 10 படங்கள் நினைவகத்தில் ஏறும். என் பழைய மடிக்கணினியின் விசிறி அப்போதே அலறத் தொடங்கியது.