புதியவருக்குக் கிறித்தவ நம்பிக்கையை எடுத்துரைப்பது எப்படி?

புதுச்சேரி ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள திரு இருதய ஆண்டவர் பேராலயத்தின் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களைப் பார்த்துவிட்டு வெளியே வரும் நண்பர், "நீங்கள் உண்மையில் எதை நம்புகிறீர்கள்?" என்று கேட்டால், தந்தை, மகன், தூய ஆவி ஆகிய மூவரும் ஒரே கடவுள் என்னும் மூவொரு கடவுள் கோட்பாட்டில் தொடங்காதீர்கள், அது பலரை வாசற்படியிலேயே நிறுத்திவிடும்.

முதலில், இயேசுவின் வாழ்வைச் சொல்லும், 16 அதிகாரங்களே கொண்ட மாற்கு நற்செய்தியை வாசிக்கக் கொடுங்கள். அடுத்து லூக்கா நற்செய்தியின் 15-ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்லும் கதை. சொத்தைப் பிரித்து வாங்கிச் சென்று அழித்த இளைய மகன் திரும்பி வருகையில், தொலைவிலேயே கண்டு ஓடிச்சென்று கட்டித்தழுவும் தந்தையைக் காட்டினால், பாவம், மனமாற்றம், மன்னிப்பு ஆகியவை ஒரே கதையில் விளங்கிவிடும். வீட்டுக்குள் வர மறுத்து முறுக்கிக்கொண்டு நிற்கும் மூத்தவனையும் விட்டுவிடாதீர்கள், பரம்பரைக் கிறித்தவர்களான நம்மில் பலர் அவனைப் போன்றவர்கள்தாம்.

பிறகு கிறித்தவ நம்பிக்கையின் சுருக்கமான நம்பிக்கை அறிக்கையை வரிவரியாக விளக்குங்கள்: உலகைப் படைத்த தந்தை, உரோமை ஆளுநர் பொந்தியு பிலாத்துவின் காலத்தில் சிலுவையில் அறையப்பட்டு மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்த மகன் இயேசு, தூய ஆவி. இம்மூவரும் ஒரே கடவுள் என்பதையும், கி.பி. 325-இல் நிசேயாவில் கூடிய ஆயர்களின் திருச்சங்கம் மகனும் தந்தையும் ஒரே இறைத்தன்மை உடையவர்கள் என்று அறிக்கையிட்டதையும் இப்போது சொல்லலாம்.

சீர்திருத்த (புராட்டஸ்டண்ட்) சபையினர் நம்பிக்கை அறிக்கையையே விசுவாசப் பிரமாணம் என்றும், தூய ஆவியைப் பரிசுத்த ஆவி என்றும் சொல்வார்கள் என்பதை முன்னரே தெரிவித்துவிடுங்கள். இயேசுவின் உயிர்ப்பைப் பற்றி நண்பர் ஐயம் எழுப்பினால் வாயை அடைக்க வேண்டாம். இயேசுவின் காயத்தைத் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்றவர் அவருடைய திருத்தூதர் தோமாவே.