அனுபவமுள்ள புரோகிராமர் கோடிங் டெஸ்ட் செய்யுறதா வேண்டாமா?

பத்து வருஷம் கோட் எழுதின ஆளுக்கு லிங்க் அனுப்பி டெஸ்ட் செய்யுங்கோ எண்டா கோவம் வரும்தான், ஆனா உடன மாட்டன் எண்டு சொல்லிடாதீங்கோ, முதல்ல ஹெச்ஆரிட்ட கேளுங்கோ எவ்வளவு நேரம், ஆர் திருத்துறது, முடிஞ்சாப்பிறகு எஞ்சினியர் ஒராளோட கதைக்க ஏலுமா எண்டு. ஒரு மணித்தியால ஹாக்கர்ராங்க் (ஒன்லைன் கோடிங் டெஸ்ட் தளம்) டெஸ்ட் எண்டா செய்யுங்கோ.

கொழும்பில ஐடி கம்பனியள் இருக்கிற மருதானை ட்ரேஸுக்கோ தெமட்டகொட ஓரியன் சிட்டிக்கோ இன்டர்வியூ போக முதல் ஒரு கிழமை இரவில அரை மணித்தியாலம் பழகினா காணும். டூ சம் (குடுத்த கூட்டுத்தொகை வாற ரெண்டு எண்ணைக் கண்டுபிடிக்கிறது) மாதிரிக் கேள்விக்கு ரெண்டு லூப் போட்டா ஒவ்வொரு எண்ணையும் மற்ற எல்லாத்தோடயும் பாக்கோணும், பாத்த எண்களைப் போட்டு வச்சு உடன தேடி எடுக்கிற ஹாஷ் மேப் போட்டா ஒரே ஓட்டத்தில முடியும். வேலையில இதையெல்லாம் லைப்ரரி (ஏற்கனவே எழுதி வச்ச கோட்) பாத்துக்கொள்ளுறதால கைப்பழக்கம்தான் விட்டுப்போயிருக்கும்.

வீட்டில வச்சுச் செய்யச் சொல்லிக் குடுக்கிற டேக் ஹோம் டெஸ்ட்தான் கவனம். எனக்கு ஒரு இடத்தில முழு ஆப் ஒண்டு கேட்டவை, போயா லீவோட சனி ஞாயிறும் வெள்ளவத்தை வீட்டில கதவைப் பூட்டிக்கொண்டிருந்து செய்து குடுத்தன், ஒரு பதிலும் வரேல்ல. இப்ப நாலு மணித்தியாலத்துக்கு மேல எண்டா "என்ர கிட்ஹப் கோட் இருக்கு, அதை வச்சுக் கதைப்பமா" எண்டு மரியாதையா மெயில் போடுறன் (கிட்ஹப் எண்டது கோட் போட்டு வைக்கிற தளம்). நீங்களும் போடுங்கோ, அனுப்ப முதல் ரீட்மீயை (கோட் என்ன செய்யுது எண்டு சொல்லுற குறிப்பை) மட்டும் ஒருக்கா திருத்துங்கோ.