கார்த்திகையிலும் தையிலும் காணாமல் போகும் நிழல்

மொரீசியஸில் வீட்டுக்கு எந்தப் பக்கம் வெயில் வரும் என்று தமிழ்நாட்டில் அச்சான வாஸ்துப் புத்தகத்தைப் பார்த்துக் கணக்கிட்டால் பாதிக்கு மேல் தப்பாகும். தமிழ்நாட்டில் வருடத்தில் ஏழெட்டு மாதம் நண்பகல் நிழல் வடக்கே விழும். இங்கே மொரீசியஸில் பத்து மாதம் தெற்கே விழும். அங்கே கோயிலில் வலம் வருகிற திசையில் நிழல் நகரும். இங்கே இடஞ்சுழியாக வரும். நடுவில் இரண்டு நாள், உச்சிவேளையில் நிழலே இருக்காது. இதையெல்லாம் ஒரு ஸ்டூலும் ஒரு அட்டையும் வைத்து மொட்டைமாடியிலேயே மில்லிமீட்டர் கணக்கில் அளந்துவிடலாம்.

பலரும் ஒரு கம்பை நட்டு நிழலின் நுனியைக் குறிக்கப் பார்ப்பார்கள். அதில்தான் வம்பு. சூரியன் ஒரு புள்ளி அல்ல, வானத்தில் அரை டிகிரி அகலமுள்ள தட்டு. அதனால் 1 மீட்டர் கம்பின் நிழல்நுனி 9 மில்லிமீட்டருக்கு மேல் மங்கிக் கிடக்கும். எங்கே முடிகிறது என்று சத்தியம் செய்து சொல்ல முடியாது. நிழலை விட்டுவிட்டு ஒளியை அளப்பதே சரி.

தேவையானவை: ஏறக்குறைய 50 செ.மீ. உயரமுள்ள ஸ்டூல், 15 செ.மீ. சதுரக் கெட்டி அட்டை, 60 செ.மீ. சதுரப் பலகை, அதன் மேல் ஒட்ட வெள்ளைத் தாள், நூல், ஒரு இரும்பு நட்டு, ரசமட்டம். ரசமட்டம் இல்லையென்றால் விளிம்புவரை தண்ணீர் நிரப்பிய தாம்பாளம் போதும். எந்தப் பக்கம் வழிகிறதோ அந்தப் பக்கம் பள்ளம். மொட்டைமாடியை மட்டமான தரை என்று நம்பாதீர்கள். மழைநீர் ஓட அதற்கு வாட்டம் கொடுத்துத்தான் கட்டியிருப்பார்கள். பலகைக்கு அடியில் மடித்த காகிதம் செருகி மட்டம் பாருங்கள்.

அட்டையின் நடுவில் 2 மில்லிமீட்டர் துளை போடுங்கள். ஸ்டூலைப் பலகைக்கு வடக்கே நிறுத்தி, அட்டையை அதன் தெற்கு விளிம்பில் வெளியே நீட்டி ஒட்டுங்கள். காற்றில் தூக்காமலிருக்க ஸ்டூல்மேல் ஒரு கிலோ பருப்புப் பொட்டலத்தைப் படுக்க வையுங்கள். உயரமான எதையும் வைத்தால் சூரியன் வடக்கே தாழ்ந்திருக்கும் ஜூனில் அதுவே துளையை மறைத்துவிடும். துளைக்கும் தாளுக்கும் இடையே சரியாக 50 செ.மீ. வரும்படி சரிசெய்யுங்கள்.

அடுத்து துளை வழியாக நூலை விட்டு, நட்டைத் தாளுக்கு ஒரு மயிரிழை மேலே தொங்கவிட்டு, அது காட்டும் இடத்தைக் கூர்மையான பென்சிலால் குறியுங்கள். இதுதான் அடிப்புள்ளி. பலகையின் வடக்கு ஓரத்திலிருந்து 6 செ.மீ. உள்ளே, கிழக்கு மேற்கில் நடுவே அமையட்டும். இந்த வேலையை விடியற்காலையில் முடித்துவிடுங்கள். தென்கிழக்குக் காற்று எழுந்துவிட்டால் நட்டு நிற்காது. ஸ்டூல் கால்களைச் சுற்றி சாக்பீஸால் கோடு போட்டுவையுங்கள். யாராவது துணி உலர்த்த வந்து இடித்தால் அன்றைய உழைப்பு போச்சு.

வெயில் ஏறியதும் அட்டையின் நிழலுக்குள் ஒரு வட்ட ஒளி தெரியும். அது துளையின் உருவமல்ல, சூரியனின் உருவம். துளையைச் சதுரமாக வெட்டினாலும் ஒளி வட்டமாகத்தான் விழும். 50 செ.மீ. தூரத்தில் சூரிய உருவம் 4.7 மில்லிமீட்டர், துளையின் அகலமும் சேர்ந்து 6, 7 மில்லிமீட்டராகத் தெரியும். ஜூனில் சாய்வாக விழுவதால் முட்டை வடிவாக நீளும். எப்போதும் அதன் நடுவைக் குறியுங்கள். சூரியனை நிமிர்ந்து பார்க்கவே வேண்டாம்.

காலை 10.30 முதல் பகல் 1.30 வரை கால் மணிக்கு ஒரு முறை ஒளியின் நடுவைக் குறித்து நேரம் எழுதுங்கள். பிறகு அடிப்புள்ளியை மையமாக வைத்து, காலைக் குறி ஒன்றைத் தொடும்படி வட்டம் போடுங்கள். பிற்பகலில் ஒளி அதே வட்டத்தைத் தொடும் இடத்தைக் குறித்து இரண்டையும் சேர்த்தால், அந்தக் கோடு மேற்கு கிழக்கு. அதன் நடுப்புள்ளியை அடிப்புள்ளியோடு சேர்த்தால் வடக்கு தெற்கு. ஒரே வட்டத்தை நம்பி உட்காராதீர்கள். பிற்பகலில் அந்த நேரம் பார்த்து மேகம் வந்து நிற்கும். மேகம் கவியும் மேட்டுநில ஊரான கியூர்பீப்பில் வசிப்பவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். நாலைந்து வட்டம் போட்டு வைத்தால் ஒன்றாவது தேறும்.

சிற்ப நூல்கள் சங்குத் தாபனம் என்று சொல்வது இந்த வேலையைத்தான். கோயிலுக்குத் திசை குறிக்க ஸ்தபதிகள் நடும் சங்கு, ஒரு கூர்முனைக் குச்சி. கைப்பேசித் திசைகாட்டியை மட்டும் பார்த்துப் பூஜையறைக்குத் திசை குறிப்பவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். காந்த வடக்கு மொரீசியஸிலும் பக்கத்துத் தீவான ரியூனியனிலும் உண்மை வடக்கிலிருந்து 20 டிகிரி அளவுக்கு மேற்கே தள்ளியிருக்கிறது. சென்னையில் இந்த வித்தியாசம் கண்ணில் படாது. அமைப்புகளில் ‘உண்மை வடக்கு’ என்பதைத் தேர்ந்தெடுக்காவிட்டால், ‘கிழக்கு’ என்று நீங்கள் குறிப்பது வடகிழக்குப் பக்கமாக நன்றாகவே சாய்ந்திருக்கும்.

வடக்கு தெற்குக் கோட்டை ஒளி கடக்கும் நொடிதான் உங்கள் ஊரின் உச்சி. அது கடிகாரத்தின் 12 மணி அல்ல. நம் கடிகாரம் 60 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கானது. தலைநகர் போர்ட் லூயிஸ் இருப்பது 57.5 டிகிரியில். அதனாலேயே 10 நிமிடம் தாமதம். பூமியின் பாதை முழு வட்டமல்ல, அதன் அச்சும் சாய்ந்திருக்கிறது. ஆகவே நவம்பர் தொடக்கத்தில் உச்சி 11.54க்கே வந்துவிடும், பிப்ரவரி நடுவில் 12.24 ஆகிவிடும்.

போர்ட் லூயிஸில் உச்சிவேளையில் கிடைக்க வேண்டிய அளவுகள்: ஜூன் 21 அன்று அடிப்புள்ளியிலிருந்து 47.6 செ.மீ. தெற்கே, மார்ச் 20 வாக்கிலும் செப்டம்பர் 22 வாக்கிலும் 18.4 செ.மீ. தெற்கே, டிசம்பர் 21 அன்று 2.9 செ.மீ. வடக்கே. ஒரு செ.மீ. பிசகினால் பலகை மட்டத்தைத்தான் முதலில் சந்தேகப்படுங்கள்.

ஜூன் அளவு வீட்டுக்கு உதவும். சுவர் எவ்வளவு உயரமோ கிட்டத்தட்ட அவ்வளவு நீளத்துக்கு அதன் தெற்கே நிழல். 6 மீட்டர் வீட்டின் தெற்குப் பக்கத்தில் 5.7 மீட்டருக்குள் வைத்த கறிவேப்பிலைத் தொட்டிக்கு அந்த மாதம் நண்பகல் வெயில் கிடையாது. வெந்நீருக்கான சூரியத் தகட்டை வடக்கே பார்த்து வைப்பதும் இதனால்தான்.

நிழலில்லா நாள் போர்ட் லூயிஸில் நவம்பர் 22 (உச்சி 11.56), ஜனவரி 20 அல்லது 21 (12.21). அதாவது கார்த்திகை முதல் வாரம், தை முதல் வாரம். சென்னையில் இது சித்திரையிலும் ஆவணியிலும் வரும். தீவு சின்னதுதான், ஆனாலும் வடமுனையான காப் மாலெரோவில் நவம்பர் 21 என்றால் தெற்கே சூயாக்கில் 23, 24 ஆகிவிடும். தையில் வரிசை திரும்பி, சூயாக்கில் 18, 19, வடமுனையில் 21. ரியூனியனின் சேன் பியேரில் அது ஜனவரி 14, 15இல் விழுகிறது. பொங்கல் பொங்கும் நாளில் சூரியன் நேர் தலைக்குமேல்!

அன்று ஒளி அடிப்புள்ளியை நோக்கி மேற்கிலிருந்து நிமிடத்துக்கு 2 மில்லிமீட்டர் வீதம் ஊர்ந்து வந்து, அதன்மேல் ஏறி, கிழக்கே கடந்துபோகும். அடுத்தடுத்த நாட்களுக்குள் வித்தியாசம் 2 மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆகவே ஒரே நாளைப் பார்த்துவிட்டு முடிவு சொல்லாமல், முன்னும் பின்னும் இரண்டு நாள் சேர்த்துக் குறியுங்கள். புயல் பருவமாதலால் மேகத்துக்கும் அதுவே காப்பு.

சென்னையில் சொந்தக்காரர் யாராவது இருந்தால் பூமியையே அளந்துவிடலாம். மார்ச் 20 அன்று இரு ஊரிலும் அவரவர் கடிகாரப்படி 12.17 வாக்கில் உச்சி. அங்கே 11.6 செ.மீ. வடக்கே, இங்கே 18.4 செ.மீ. தெற்கே. 50 செ.மீ. உயரத்தோடு செங்கோண முக்கோணம் வரைந்து துளையிடத்துக் கோணத்தை அளந்தால் 13.1 டிகிரி, 20.2 டிகிரி. எதிரெதிர்ப் பக்கம் விழுவதால் கூட்ட வேண்டும், கழித்தால் கெட்டது. 33.3 டிகிரி. கிழக்கு மேற்கு விலகலை விட்டுவிட்டு வடக்கு தெற்காக மட்டும் பார்த்தால் இரு ஊருக்கும் இடையே சுமார் 3,680 கி.மீ. அதை 33.3ஆல் வகுத்து 360ஆல் பெருக்கினால் சுமார் 39,800. துருவங்கள் வழியாகப் பூமியின் உண்மையான சுற்றளவு 40,008 கி.மீ. சென்னையில் பலகை 1 டிகிரி சாய்ந்திருந்தாலே கணக்கு 1,200 கி.மீ. பிசகும். அளவைக் கேட்பதற்கு முன் ரசமட்டம் வைத்தீர்களா என்று கேட்டுவிடுங்கள்.