ஊரில் இருந்துகொண்டே லண்டன் எல்.எல்.பி.: எங்கே சறுக்குகிறார்கள்?

மலேசியாவில் ஒரு பிள்ளை "இன்டர்நேஷனல் லா டிகிரி படிக்கிறேன்" என்று சொன்னால் போதும், சொந்தக்காரர்களில் பாதிப் பேர் ஐ.நா. சபையில் வேலை காத்திருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். நாடுகளுக்கு இடையிலான சட்டம் வேறு. இங்கே பேசப்போவது, கோலாலம்பூரிலோ பினாங்கிலோ ஒரு தனியார் கல்லூரியில் உட்கார்ந்து படித்து, பிரிட்டிஷ் பல்கலைக்கழகத்தின் எல்.எல்.பி. என்ற சட்டப் பட்டத்தை வாங்குகிற வழியைப் பற்றி.

வழி ரொம்பப் பழையதுதான். வேறெங்கோ படித்தவர்களும் தன் பரீட்சையை எழுதிப் பட்டம் வாங்கலாம் என்று லண்டன் பல்கலைக்கழகம் 1858-லேயே கதவைத் திறந்துவிட்டது. இப்போது அதோடு இரண்டு வருடம் இங்கே, கடைசி வருடம் இங்கிலாந்தில் என்ற டூ-பிளஸ்-ஒன் ஏற்பாடும் இருக்கிறது. இரண்டுமே நல்ல வழிகள், குறை சொல்ல வரவில்லை. ஆனால் சேருகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி "எந்த யூனிவர்சிட்டி பெரிய பெயர்?" என்பதாக இருக்கிறது. எந்த ஊர் கோர்ட்டில் நிற்கப் போகிறோம் என்பதை முதலில் முடிவுசெய்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி வந்தால் பாதிப் பிரச்சினை குறையும்.

பட்டம் வாங்கியதும் வக்கீல் என்ற நினைப்புதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. மலாயாப் பல்கலைக்கழகத்தில் சட்டம் முடித்தவர் நேராகச் சேம்பரிங், அதாவது ஒரு மூத்த வழக்கறிஞரிடம் பயிற்சிக்குப் போகலாம். வெளிநாட்டு எல்.எல்.பி. வைத்திருப்பவர் அதற்கு முன்னால் சி.எல்.பி. என்ற சட்டத் தொழில் சான்றிதழ்த் தேர்வைத் தாண்ட வேண்டும், இல்லையென்றால் இங்கிலாந்து போய் பாரிஸ்டர், அதாவது கோர்ட்டில் வாதாடுகிற வழக்கறிஞர் ஆகிவிட்டு வர வேண்டும். 1976-ஆம் ஆண்டின் வழக்கறிஞர் தொழில் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. சி.எல்.பி.யில் ஐந்து தாள்கள், ஒவ்வொன்றிலும் 50 மதிப்பெண் எடுத்தாக வேண்டும். பிரிட்டிஷ் பல்கலைக்கழகத்தில் 40-க்குத் தேறிப் பழகியவர்களுக்கு அந்தப் பத்து மதிப்பெண் என்ன செய்யும் என்பது முதல் ரிசல்ட் வரும்போதுதான் தெரிகிறது. அப்புறம் ஒன்பது மாதச் சேம்பரிங். ஆக, பெற்றோர் "மூன்று வருஷம்" என்று கணக்குப் போட்டு வைத்திருப்பது உண்மையில் ஐந்தை நெருங்கிவிடும், அதுவும் எல்லாத் தாளும் முதல் தடவையிலேயே கைகொடுத்தால்.

இங்கிலாந்திலேயே இருந்துவிடலாமே என்றால், அங்கேயும் வெறும் பட்டத்தை வைத்து சொலிசிட்டர் (கட்சிக்காரர்களுக்கு ஆலோசனை சொல்லி ஆவணங்களைப் பார்க்கிற வழக்கறிஞர்) ஆக முடியாது. 2021 செப்டம்பரிலிருந்து எஸ்.க்யூ.இ. என்ற இரண்டு கட்டத் தேர்வும் இரண்டு வருட வேலை அனுபவமும் கேட்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால் அதை எழுதச் சட்டப் பட்டம்தான் வேண்டும் என்பதுகூட இல்லை, வேறு துறைப் பட்டமும் போதும்.

இனி, யாரும் பேசாத விஷயம் ஒன்று. நீங்கள் மூன்று வருடம் படிப்பது ஆங்கிலேயச் சட்டம், மலேசியச் சட்டம் அல்ல. "எல்லாம் காமன் லாதானே", அதாவது இங்கிலாந்திலிருந்து வந்த ஒரே சட்ட மரபுதானே என்று சொல்லிச் சமாளிப்பார்கள், நம்பாதீர்கள். ஒருவர் உங்களுக்கு 5,000 ரிங்கிட் தர வேண்டும், 2,000 கொடுத்து "இதோடு கணக்கு முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்" என்கிறார், நீங்களும் சரி என்று வாங்கிக்கொள்கிறீர்கள். மீதி 3,000-ஐப் பிறகு கேட்கலாமா? ஆங்கிலேயச் சட்டத்தில் பொதுவாகக் கேட்கலாம், 1602-இல் வந்த பின்னல் (Pinnel) என்பவரின் வழக்கு முதல் 1884-இல் பிரபுக்கள் சபை சொன்ன ஃபோக்ஸ் வழக்கு வரை அதைத்தான் மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். மலேசியாவின் 1950 ஒப்பந்தச் சட்டத்தில், 64-ஆம் பிரிவின்படி, கேட்க முடியாது. கடன் தீர்ந்தது. இந்தியாவின் 1872 ஒப்பந்தச் சட்டத்தின் வழியில் எழுதப்பட்டது என்பதால் வந்த வித்தியாசம் இது. நம் சாட்சியச் சட்டமும் இந்திய வழியில் வந்ததுதான், நிலச் சட்டமோ ஆஸ்திரேலியாவில் பிறந்த டோரன்ஸ் முறையில், அதாவது அரசுப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்ற முறையில் ஓடுகிறது. பட்டம் முடிந்தபின் இதையெல்லாம் சி.எல்.பி. வகுப்பில் முதல் தடவையாகப் பார்த்தால் தலை சுற்றத்தான் செய்யும். முதல் வருடத்திலேயே 1950 சட்டத்தின் ஒரு மலிவுப் பதிப்பை வாங்கி, ஆங்கிலேயப் பாடநூலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கொழும்பிலும் இதே கதைதான், இன்னும் கொஞ்சம் சிக்கலாக. அங்கே பொதுச் சட்டத்தின் அடித்தளம் டச்சுக்காரர்கள் கொண்டுவந்த ரோமன்-டச்சு சட்டம், யாழ்ப்பாணத்துக் காணி வழக்கென்றால் அங்குள்ள தமிழர்களின் வழக்கச் சட்டமான தேசவழமை. லண்டன் பாடத்திட்டத்தில் இரண்டும் கிடையாது.

மலாய் மொழியையும் பலர் மறந்துவிடுகிறார்கள். சர்வதேசப் பள்ளியில் ஐ.ஜி.சி.எஸ்.இ., பிறகு ஏ-லெவல் என்று பிரிட்டிஷ் முறைப் பள்ளித் தேர்வுகள், பிறகு ஆங்கிலத்தில் எல்.எல்.பி. என்று வழுக்கிக்கொண்டு போன பிள்ளை, வழக்கறிஞராகப் பதிகிற நேரத்தில் மலாய்த் தகுதித் தேர்வின் முன்னால் போய் நிற்கும். மலேசியப் பள்ளித் தேர்வான எஸ்.பி.எம்.-இல் மலாய்ப் பாடத்துக்குக் கிரெடிட் (நல்ல தேர்ச்சி) இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. இருந்தாலும், கோர்ட்டில் மனுவை மலாயில் எழுதத் தெரியாத ஜூனியரை யார் வேலைக்கு எடுப்பார்கள்?

ஜொகூர் பாரு பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று. பாலம் தாண்டினால் சிங்கப்பூர், அங்கே பிராக்டிஸ் பண்ணலாம் என்ற கனவோடு சேராதீர்கள். சிங்கப்பூர் கேட்பது முழுநேர மாணவராக அந்தப் பல்கலைக்கழகத்திலேயே படித்த பட்டம், தொலைநிலையில் வாங்கியது அல்ல. போதாக்குறைக்கு 2016-இலிருந்து ஏற்கப்படும் பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களின் எண்ணிக்கையை 19-இலிருந்து 11 ஆகக் குறைத்துவிட்டார்கள். மான்செஸ்டர், லீட்ஸ் போன்ற பெரிய பெயர்களே அதில் போய்விட்டன.

பணக் கணக்கு எளிது, ஆனால் பலர் பாதியைத்தான் பார்க்கிறார்கள். லண்டன் வழியில் இரண்டு பில் வரும்: சொல்லிக்கொடுக்கிற கல்லூரிக்கு ரிங்கிட்டில் ஒன்று, பல்கலைக்கழகத்துக்குப் பவுண்டில் இன்னொன்று. கல்லூரி விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் இருப்பது முதலாவது மட்டும்தான். டூ-பிளஸ்-ஒன் என்றால் கடைசி வருடத்தில் கட்டணத்தோடு வாடகையும் சாப்பாடும் பவுண்டில்.

முன்பணம் கட்டுவதற்கு முன், சி.எல்.பி.யை நடத்துகிற சட்டத்துறைத் தகுதி வாரியத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். பட்டத்தின் பெயரை மட்டும் சொல்லிக் கேட்காமல், எஸ்.பி.எம். பிறகு என்ன படித்தீர்கள், எந்தக் கல்லூரி, முழுநேரமா பகுதிநேரமா, எத்தனை வருடம் எங்கே என்று எல்லாவற்றையும் எழுதி, இந்த வழியில் வந்தால் சி.எல்.பி. எழுத முடியுமா என்று கேளுங்கள். பதிலைப் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரி கவுன்சலர் வாட்ஸ்அப்பில் "நோ பிராப்ளம்" என்று அனுப்பியதை வாரியத்தில் காட்டிப் பிரயோஜனமில்லை.