ஃபார்மில் வந்ததை ஆப்ஜெக்ட்டாக மாற்றுவது எப்படி? பிஎச்பி தொடக்கநிலையாளர்களுக்கு

கிளாஸ், ஆப்ஜெக்ட் எல்லாம் ஓரளவு பழகிய பிறகு எல்லாருக்கும் ஒரு கேள்வி வரும்: போஸ்ட் அரேயில் வந்து கிடப்பதை என் ஆப்ஜெக்ட்டுக்குள் எப்படிக் கொண்டு போவது? உடனே தோன்றும் வழி, ஒரு ஃபோர்ஈச் போட்டு, ஒவ்வொரு கீயின் பெயரிலும் இருக்கும் ப்ராபர்ட்டியில் மதிப்பை வைத்துவிடுவது. மூன்றே வரியில் முடிந்துவிடும். அந்த மூன்று வரியை எழுதாதீர்கள் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

காரணம், ஃபார்மில் என்னென்ன வரும் என்பதை முடிவு செய்வது நீங்கள் அல்ல, அனுப்புகிறவர். 2012 மார்ச்சில் கிட்ஹப் தளத்தில் இது நடந்தது. ஃபார்மில் இல்லாத ஒரு ஃபீல்டை ஒருவர் சேர்த்து அனுப்பினார். தளமும் அதை வாங்கி வைத்துக்கொண்டது. தனக்கு உரிமையே இல்லாத, ரெயில்ஸ் என்ற ரூபி ஃப்ரேம்வொர்க்கின் கோடு களஞ்சியத்தில் எழுதும் அனுமதி அவருக்குக் கிடைத்துவிட்டது. அந்தத் தளம் ரூபியில் எழுதப்பட்டது. ஆனால் பிஎச்பியிலும் அந்த மூன்று வரி இதே கதவைத்தான் திறந்து வைக்கிறது.

ஒரு விடுதியின் அறை முன்பதிவு ஃபார்மை எடுத்துக்கொள்வோம். பெயர், வரும் நாள், எத்தனை பேர், காலை உணவு வேண்டுமா என்று நான்கு ஃபீல்டு.

படி 1: வருவது என்ன என்று பாருங்கள்

வேறு எதுவும் எழுதுவதற்கு முன், ஃபார்மை அனுப்பி போஸ்ட் அரேயை வார்-டம்ப் செய்து பாருங்கள். 3 பேர் என்று போட்டால் வருவது எண் 3 அல்ல, "3" என்ற ஸ்ட்ரிங். காலியாக விட்ட பெட்டி காலி ஸ்ட்ரிங்காக வரும். டிக் அடிக்காத செக்பாக்ஸ் வரவே வராது, அந்த கீயே அரேயில் இருக்காது. இன்னொன்றையும் செய்து பாருங்கள்: ஃபீல்டு பெயரின் பின்னால் சதுர அடைப்புக்குறி சேர்த்து அனுப்பினால், ஸ்ட்ரிங் வர வேண்டிய இடத்தில் அரே வந்து நிற்கும். அதை ட்ரிம் ஃபங்ஷனுக்குக் கொடுத்தால் பிஎச்பி 8-இல் டைப்-எரர் வரும்.

படி 2: டொமைன் ஆப்ஜெக்ட்டை எழுதுங்கள்

டொமைன் ஆப்ஜெக்ட் என்றால் நம் வேலையில் உண்மையில் இருக்கும் ஒன்றை, இங்கே ஒரு முன்பதிவை, அதன் விதிகளோடு குறிக்கும் ஆப்ஜெக்ட். ஃபார்ம் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டு இதை எழுத வேண்டும். 'முன்பதிவு' என்று ஒரு கிளாஸ். (பிஎச்பியில் கிளாஸ் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம், ஓடும்.) கன்ஸ்ட்ரக்டர் கேட்பது நான்கு: பெயர் ஸ்ட்ரிங்காக, நாள் டேட்டைம்-இம்மியூட்டபிளாக (உருவான பின் மாறாத தேதி ஆப்ஜெக்ட்), ஆட்கள் இன்ட்டாக, உணவு பூலியனாக. எல்லா ப்ராபர்ட்டியும் ரீட்-ஒன்லி, பிஎச்பி 8.1 முதல் இது இருக்கிறது. ஓர் அறையில் 1 முதல் 4 பேர் வரைதான் என்றால், அதைக் கன்ஸ்ட்ரக்டரிலேயே சரிபார்த்து, மீறினால் எக்செப்ஷன் வீசுங்கள். செட்டர் மெத்தட் ஒன்றுகூட வேண்டாம். இப்படி எழுதிவிட்டால், முன்பதிவு ஆப்ஜெக்ட் கையில் இருக்கிறது என்றாலே அது சரியான முன்பதிவுதான். வேறெங்கும் மறுபடி சோதிக்கத் தேவையில்லை.

'கடந்துபோன நாளுக்குப் பதிவு செய்யக் கூடாது' என்ற விதியை மட்டும் இங்கே வைக்காதீர்கள். போன மாதப் பதிவை டேட்டாபேஸிலிருந்து எடுத்து ஆப்ஜெக்ட்டாக்கும்போதும் இதே கன்ஸ்ட்ரக்டர்தான் ஓடும், அப்போது அது வெடிக்கும். அந்த விதி புதிதாகப் பதிவு செய்யும் செயலுக்கு உரியது. அதை 4-ஆம் படியில் வையுங்கள்.

படி 3: நடுவில் ஓர் உள்ளீட்டு ஆப்ஜெக்ட்

'முன்பதிவு உள்ளீடு' என்று இன்னொரு சின்ன கிளாஸ். இதில் விதி எதுவும் கிடையாது. பெயர், நாள், ஆட்கள் மூன்றும் வெறும் ஸ்ட்ரிங். உணவு மட்டும் பூலியன், கீ வந்திருந்தால் ஆம், வராவிட்டால் இல்லை. அரேயை வாங்கும் ஒரு ஸ்டாட்டிக் மெத்தட் எழுதி, அதில் நான்கு கீயையும் பெயர் சொல்லித் தனித்தனியாக எடுங்கள். எடுத்தது ஸ்ட்ரிங்தானா என்று பாருங்கள். ஸ்ட்ரிங் என்றால் ட்ரிம் செய்யுங்கள், இல்லையென்றால் காலி ஸ்ட்ரிங் வையுங்கள். அரேயில் 'விலை', 'அட்மின்' என்று வேறு எது வந்திருந்தாலும் யாரும் தொடப் போவதில்லை. கிட்ஹப்பில் நடந்தது இங்கே நடக்காது.

படி 4: வகை மாற்றம்

பிழைகள் அதிகம் ஒளிந்திருப்பது இங்கேதான், அவசரப்படாதீர்கள்.

முதலில் எண். அடைப்புக்குறிக்குள் இன்ட் போட்டு மாற்றினால் "12abc" என்பது 12 ஆகிவிடும், "abc" என்பது 0 ஆகிவிடும், எந்த எச்சரிக்கையும் வராது. அதற்குப் பதில் ஃபில்டர்-வார் ஃபங்ஷனை வேலிடேட்-இன்ட் வடிகட்டியோடு பயன்படுத்துங்கள். தவறான மதிப்பு என்றால் ஃபால்ஸ் தரும். அந்த ஃபால்ஸை மூன்று சமக்குறி போட்டே ஒப்பிடுங்கள். இரண்டு போட்டால், ஒருவர் 0 என்று அனுப்பும்போது அதுவும் ஃபால்ஸாகத் தெரிந்து, 'எண் அல்ல' என்ற தவறான செய்தியைக் காட்டுவீர்கள்.

அடுத்து நாள். பிரவுசரின் தேதிப் பெட்டி எப்போதும் ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையில்தான் அனுப்பும். ஸ்ட்ரிங்கைத் தேதி ஆப்ஜெக்ட்டாக்கும் கிரியேட்-ஃப்ரம்-ஃபார்மட் மெத்தடில் 2025-02-31 என்று கொடுத்துப் பாருங்கள். பிழை வராது, மார்ச் 3 என்று ஒரு நல்ல ஆப்ஜெக்ட் கிடைக்கும்! முதலில் மெத்தட் ஃபால்ஸ் தரவில்லை என்று பார்த்துவிட்டு, கிடைத்த ஆப்ஜெக்ட்டை அதே வடிவில் மறுபடி ஸ்ட்ரிங்காக்கி, வந்த ஸ்ட்ரிங்கோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் தேதி தவறு. அப்புறம், கிரியேட்-ஃப்ரம்-ஃபார்மட்டுக்குக் கொடுக்கும் வடிவத்தின் முன்னால் மட்டும் ஓர் ஆச்சரியக்குறி வையுங்கள். இல்லாவிட்டால் இப்போதைய மணி நிமிடமும் அதில் ஒட்டிக்கொண்டு, 'இன்றா, நாளையா' என்ற ஒப்பீடு குழம்பும்.

பெயரின் நீளத்தைச் சோதிப்பதாக இருந்தால் நம் எழுத்தையும் நினைவில் வையுங்கள். 'தமிழ்' என்ற சொல்லுக்கு எஸ்டிஆர்-லென் 15 என்கிறது, எம்பி-எஸ்டிஆர்-லென் 5 என்கிறது, கிராஃபீம்-எஸ்டிஆர்-லென்தான் நாம் எண்ணுவது போல 3 என்கிறது. முதல் ஃபங்ஷனை வைத்து 30-க்கு மேல் கூடாது என்று எழுதினால், சாதாரணத் தமிழ்ப் பெயர்களே நிராகரிக்கப்படும்.

ஒவ்வொரு பிழையையும் கண்டவுடன் நிறுத்தாமல், ஃபீல்டு பெயரோடு ஓர் அரேயில் சேர்த்துக்கொண்டே போங்கள். அரே காலியாக இருந்தால் மட்டும் முன்பதிவு ஆப்ஜெக்ட்டை உருவாக்குங்கள்.

படி 5: பிழை இருந்தால் திருப்பிக் காட்டுவது

உள்ளீட்டு ஆப்ஜெக்ட்டின் அருமை இப்போது தெரியும். ஒருவர் ஆட்கள் பெட்டியில் 'மூன்று' என்று எழுதியிருந்தால், அதை இன்ட் ப்ராபர்ட்டியில் வைக்கவே முடியாது. ஆனால் அவர் எழுதியதை அப்படியே பெட்டியில் திருப்பிக் காட்ட வேண்டும். உள்ளீட்டு ஆப்ஜெக்ட்டில் அது பத்திரமாக இருக்கிறது. காட்டும்போது, அதில் இருக்கும் எச்டிஎம்எல் குறிகளை வெறும் எழுத்தாக்கிவிடும் எச்டிஎம்எல்-ஸ்பெஷல்சார்ஸ் ஃபங்ஷன் வழியாகவே காட்டுங்கள், இதில் விதிவிலக்கு வேண்டாம்.

எல்லாம் சரி என்றால் சேமித்துவிட்டு, 303 என்ற நிலைக் குறியோடு வேறு பக்கத்துக்கு அனுப்பிவிடுங்கள். பக்கத்தை ரீஃப்ரெஷ் செய்தாலும் இரண்டாவது பதிவு உருவாகாது.

சிம்ஃபனி, லாராவெல் போன்ற பிஎச்பி ஃப்ரேம்வொர்க்குகளிலும் இதே முறைதான். சிம்ஃபனி பயன்படுத்துகிறவர்கள் ஃபார்மின் டேட்டா-கிளாஸ் இடத்தில் டொமைன் கிளாஸைக் கொடுக்காமல் இந்த உள்ளீட்டு கிளாஸைக் கொடுங்கள். லாராவெலில் எந்த ஃபீல்டுகளை நிரப்பலாம் என்று சொல்லும் ஃபில்லபிள் பட்டியலை மட்டும் நம்பாமல், ஃபார்ம்-ரிக்வெஸ்ட் சரிபார்த்துத் தரும் மதிப்புகளை மட்டும் எடுத்து ஆப்ஜெக்ட்டை உருவாக்குங்கள்.

எழுதி முடித்ததும் பிரவுசரின் இன்ஸ்பெக்டைத் திறந்து, ஃபார்முக்குள் 'விலை' என்று ஓர் இன்புட் சேர்த்து 1 என்று போட்டு அனுப்புங்கள். அடுத்த முறை ஆட்கள் ஃபீல்டின் பெயரோடு சதுர அடைப்புக்குறி சேர்த்து அனுப்புங்கள். முதலாவதில் அந்த 'விலை'யைக் கண்டுகொள்ளாமல் பதிவு வழக்கம்போலச் சேமிக்கப்பட வேண்டும், இரண்டாவதில் ஆட்கள் ஃபீல்டுக்கான பிழைச் செய்தி வர வேண்டும். வேறு எது வந்தாலும் 3-ஆம் படிக்குத் திரும்பிப் போங்கள்.